பெட்டிக்குள் என்ன

பிப்ரவரி. மாஸ்கோவின் தெற்கே
ஒரு நான்காம் மாடி அறை.
தைசியா கர்தேயெவ்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு
இடுக்கியால் ஒரு வட்டத் துண்டை எடுக்கிறாள்.
எடுக்கிறாள் என்பது பேச்சுக்கு.
இடுக்கி நெருங்குமுன் அது தாவி
கம்பளிச் சட்டையின் மணிக்கட்டில் ஒட்டிக்கொள்கிறது.
வறண்ட குளிரில் எல்லாமே மின்சாரம்.

கன சென்டிமீட்டருக்கு நான்கு மில்லிகிராம்.
ஜன்னலுக்கு வெளியே நிற்கும் காற்று
ஒன்றே கால், கடுங்குளிரில் கொஞ்சம் கூட.
மூன்று காற்றின் எடையில்
கையில் நிற்கும் ஒரு திடப்பொருள்.
இம்மி என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது,
சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம்.
அவள் அதை நிறுத்துப் பார்க்கிறாள்,
வாரத்தில் ஆறு நாள்.

பழைய சினிமாச் சுருளுக்கு உடம்பு கொடுத்த
அதே செல்லுலோஸ்தான்.
கரைத்து வைத்தால் தயிர்போல் உறையும்.
அதுவரை யாரும் செய்யலாம்.
உள்ளே இருக்கும் திரவத்தை
வழியனுப்புவதில்தான் கஷ்டம்.
தானாக உலரவிட்டால்
ஒவ்வொரு துளியும் போகிற போக்கில்
சுவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

க்லெப் போனபோது
திரைச்சீலைக் கம்பிகளைக் கழற்றிக்கொண்டு போனான்,
திருகாணி உட்பட.
எட்டுத் துளைகள்.
அவள் இன்னும் பூசவில்லை,
எதனோடும் ஒப்பிட்டும் பார்க்கவில்லை.
நான்தான் ஒப்பிடுகிறேன்.

ஆகவே எஃகுக் கலன், கரியமில வாயு.
எழுபத்து நான்கு மடங்கு அழுத்தம் தாண்டி
முப்பத்தொரு டிகிரி தாண்டி
திரவமா வாயுவா என்ற கேள்வி
செல்லுபடியாகாத ஓர் இடம்.
அங்கே பரப்பு கிடையாது. அதனால் இழுப்பும் கிடையாது.
பிறகு வால்வை மயிரிழை திறந்துவிட்டு
ரஷீத் ஹபிபூலின் சதுரங்கப் புதிரோடு
விடியும்வரை உட்கார்ந்திருப்பான்.
கைக்கடிகாரத்தைக் கழற்றி
வால்வின் கழுத்தில் மாட்டியிருப்பான்,
தன் கைமேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை.

பன்னிரண்டு துண்டுகள். மடியில் பெட்டி.
பிராகா விமான நிலையத்தில்
ஜலதோஷம் பிடித்த ஒரு சுங்க அதிகாரி.
"பெட்டிக்குள் என்ன?"
"நுரை."
"எதற்கு?"
"எரிக்க."
"எடை?"
"எல்லாம் சேர்த்து
ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு."
படிவத்தில் கிலோவுக்கு மட்டும்தான் கட்டம்.
கணினி பூஜ்யத்தை ஏற்கவில்லை.
ஒன்று என்று தட்டினார்.
மூடியைத் திறந்து குனிந்தார்.
தும்மலை அடக்கிக்கொண்டார், பாவம்,
ஆனால் மூச்சு ஒன்று வெளியே வந்துவிட்டது.

பதினொன்று.

ஒளியை நாம் சீரானது என்று நினைக்கிறோம்.
அந்தக் கற்றைக்குள்ளும் மேடு பள்ளம் உண்டு.
அப்படியே விழுந்தால்
எரிபொருள் உருண்டை கோணலாய் நசுங்கும்,
சூரியனுக்குப் பதில் ஒரு பிசுபிசுப்புதான்.
நடுவே இந்த நுரை இருந்தால்
முதல் அடியை வாங்கிக்கொண்டு கொதித்து
வெப்பத்தை எல்லாப் பக்கமும் பரப்பிக் கொடுக்கும்.
கொடுக்கும் என்பது கணக்கு.
பார்க்கத்தான் பயணம்.

சிவப்பு விளக்கு எரியும்போது உள்ளே யாரும் நிற்கக் கூடாது.
தைசியா நடைகூடத்தில்,
காசு போட்டும் காபி தராத இயந்திரத்தின் அருகே.
மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை.
'டக்' என்று நீங்கள் சொன்னால்
அந்த 'க்' தொடங்குவதற்குள்
அது கோடிமுறை நடந்து முடிந்திருக்கும்.
ஒரு கதவு எங்கோ சாத்திய சத்தம் மட்டும்.
மூன்று மாத வேலை.

பத்து முறை லிபுஷே உதட்டைப் பிதுக்கினாள்.
ஏழாவது முறை மட்டும் படத்தாளைத்
தூக்கிப் பிடித்தபடி எதுவும் சொல்லாமல் நின்றாள்.
விளிம்பு, நகத்தால் வருடினால்
தட்டாதுபோல் வழவழப்பாக.
தைசியா ரஷீத்துக்கு ஒரே சொல் அனுப்பினாள்:
ஏழு.
கடிகாரத்தைத் திருப்பி மாட்டியதாக அவன் எழுதினான்,
அதே வால்வில்.

பன்னிரண்டாவது
சுங்க அதிகாரியின் கோட்டுக் கழுத்தில் ஏறி
பதினோராம் எண் டிராமில் வீட்டுக்குப் போனது.
படியில் நின்று அவர் தோளைத் தட்டினார்,
பனி என்று.